வலது கதவில் மஞ்சள் வட்டம்

இந்த மர நாற்காலி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, சார். எங்கள் யார்டு ஆபீஸில் சக்கரம் வைத்த மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். உட்காரும்போது சுகமாகத்தான் இருக்கும், எழுந்திருக்கும்போதுதான் முதுகு கதறும். முதுகுக்கு இந்த மாதிரிக் கட்டைதான் சரி. நீங்களும் உங்கள் மெத்தை நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு இப்படி ஒன்று கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து என்னை மாதிரி ஆட்களின் கதையைக் கேட்கிற உத்தியோகம், உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கேட்டதற்கு வருகிறேன். மறைக்கிற ஆள் இல்லை நான். துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற எங்கள் யார்டில் போய் 'வட்டம் அண்ணன்' என்று கேளுங்கள், டீ கொண்டுவருகிறவர்கூடக் கை காட்டுவார். கன்டெய்னருக்குள் சரக்கை ஏற்றி, கட்டி, முட்டுக் கொடுத்து, கதவைச் சாத்துகிற மேஸ்திரி நான். கப்பலில் போகிற சரக்கு நம் வீட்டு பீரோ மாதிரி வைத்த இடத்தில் சமர்த்தாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் படுகிற பாடெல்லாம் அதுவும் படும். ஆடும், நகரும், போகப் போகக் கதவின்மேல் வந்து சாய்ந்துகொள்ளும். அந்தப் பக்கம் திறக்கிறவனுக்கு அது தெரியாது. இரும்புக் கதவில் எட்டிப் பார்க்க ஜன்னலா வைத்திருக்கிறது? கைப்பிடியைத் திருப்பினால் மொத்தமும் அவன்மேல்தான்.

அதனால் எங்கள் யார்டில் ஒரு வழக்கம். முதலில் திறப்பது எப்போதும் வலது கதவு. கட்டி முடித்த மேஸ்திரி அந்தக் கதவில், கைப்பிடிக்கு மேலே, மஞ்சள் பெயிண்டில் ஓர் அடையாளம் போடுவான். பெருக்கல் குறி போட்டிருந்தால், கயிறு கட்டி, விலகி நின்று திற என்று அர்த்தம். வட்டம் போட்டிருந்தால், நான் பொறுப்பு, தாராளமாகத் திற. வட்டம் போட எல்லா மேஸ்திரிக்கும் துணிச்சல் வராது. நான் போடுவேன். என் வட்டத்தை நம்பித் திறந்த எவனுக்கும் ஒரு சிராய்ப்புகூட வந்ததில்லை. அதில் வந்ததுதான் அந்தப் பெயர்.

வந்ததில்லை என்றா சொன்னேன்? இந்த விஷயம் வரைக்கும் வந்ததில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சியை உங்களுக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவள்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பை சுமக்கிற வயசு. நான்தான் வளர்த்தேன். பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டேன், சார். முதல் நாள் பின்னலைப் பார்த்துவிட்டு வகுப்பே சிரித்ததாம். மறுநாளிலிருந்து என் பின்னலை ஒருத்தி குறை சொல்ல முடியாது. கட்டுகிற கை அல்லவா?

வளர்ந்த பிறகு வீட்டை அவள் எடுத்துக்கொண்டாள். சாயந்திரம் நான் யார்டு கதையெல்லாம் சொல்லுவேன், அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "அய்யோ அண்ணே, போதும், வயிறு வலிக்குது" என்று சிரிப்பாள். அவ்வளவுதான் எங்கள் வாழ்க்கை. அதில் என்ன குறை?

கல்யாணத்துக்கு நான் தடை சொன்னேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருந்தால், அது சரியில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் குறை இருந்தது, சொன்னேன். ஒருத்தன் வெளியூர். ஒருத்தனுக்கு அம்மா உண்டு, தனிக்குடித்தனத்துக்குச் சம்மதிக்க மாட்டாள். இன்னொருத்தன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான், அது ஒரு குறைதானே? கடைசியில் எங்கள் யார்டிலேயே ஒருத்தன் அமைந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தங்கமான பையன். முக்கியமான விஷயம், அவனுக்கு முன்னேயும் யாரும் இல்லை, பின்னேயும் யாரும் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிட்டான். மூன்று தட்டு, ஒரே சிரிப்பு. அவனும் நன்றாகப் பேசுவான். "மச்சான் கட்டினா கப்பலே கவுந்தாலும் கட்டு அவுறாது" என்று ஊர் முழுக்க என் புகழ் பாடினவனே அவன்தான்.

அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது.

ஆனால் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. கடல் தாண்டிப் போய், சமையலறை மேடைக்குக் கல் பதித்துக் கொடுக்கிற தொழில் தொடங்க வேண்டுமாம். இங்கே கல் மலிவு, அங்கே கிராக்கி என்று சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. வயசுப் பையன், பேசட்டும், தானாக அடங்கும் என்று விட்டேன். ஒரு நாள் இரண்டு பேரும் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள். தங்கச்சி அழுதாள். அழுதது அரைமணி நேரம், விமானத்தில் ஏறும்போது முகமெல்லாம் பல்லு. என்னோடு இருந்த காலத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆறு மாதமோ ஒரு வருஷமோ, முட்டி மோதிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவள் அறையைத் தினமும் பெருக்கி வைத்தேன். பிறகு அவளிடமிருந்து போன் வந்தது. குரலே பறந்தது.

"அண்ணே, இங்க கடை எடுத்தாச்சு. முதல் லோடு கல்லு ஏத்தணும். வேற யாரும் கட்டக் கூடாது, மச்சான்தான் கட்டணும்னு இவரு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"அதுக்கென்னம்மா, கட்டிட்டாப் போச்சு."

"அப்புறம் என் பீரோ, தையல் மெஷின், கட்டில் எல்லாத்தையும் அதுலயே போட்டு அனுப்பிடுண்ணே. அந்த ரூம் எதுக்குச் சும்மா கிடக்கணும்? யாருக்காச்சும் வாடகைக்கு விடு. உனக்கும் பேச்சுத் துணையாச்சு."

பேச்சுத் துணை. வாடகைக்கு. அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள், சார். நானும் நல்ல மனசோடுதான் கேட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன். கோபம் எனக்கு எப்போதும் வராது. நெஞ்சில் மட்டும் யாரோ கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எழுந்தபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. அவள் திரும்பி வர வேண்டும். அவளை அங்கே பிடித்து வைத்திருப்பது ஓர் ஆள்தான்.

கட்டின விதத்தைக் கேளுங்கள், உங்களுக்கும் பிடிக்கும். அவளுடைய சாமான்களை உள்ளே கடைசிச் சுவரோடு வைத்தேன். தையல் மெஷினுக்கு என் சொந்தப் போர்வையைச் சுற்றினேன். பீரோ கண்ணாடிக்கு நாலு பக்கமும் மெத்தை. அதற்கு முன்னால் கல். பெரிய பெரிய பலகைக் கற்கள், மரச் சட்டத்தில் நிற்க வைத்து வரும். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு பக்கமும் முட்டு, மேலே பெல்ட், கீழே ஆப்பு. ஒரு குண்டூசி அசையாது.

கடைசிச் சட்டம் கதவோரம். அதை இறக்கியதும் ஆட்களை டீ குடிக்க அனுப்பினேன். "இதை நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றேன். அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சட்டத்துக்கு முட்டு வைக்கவில்லை. பெல்ட் போடவில்லை. ஆப்பும் அடிக்கவில்லை. பார்த்தீர்களா, இதுவரைக்கும் நான் எதையுமே செய்யவில்லை, எல்லாம் செய்யாமல் விட்டதுதான். கதவைச் சாத்தினேன், சீல் போட்டேன். பிறகு டப்பாவைத் திறந்து வட்டம் போட்டேன். அது ஒன்றுதான் நான் செய்தது. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி வந்தது.

கப்பல் போன நாட்கள் எனக்கு நல்ல நாட்கள். இப்போதெல்லாம் கப்பல் எங்கே நிற்கிறது என்று போனிலேயே காட்டுகிறது, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அறைக்கு வெள்ளையடித்தேன். புதுத் திரைச்சீலை வாங்கினேன், நீலப் பூ போட்டது. கட்டில் போய்விட்டதே என்று புதுக் கட்டிலும் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்டார், "என்ன, தங்கச்சி வருதா?" என்று. "வந்துடுவா" என்றேன்.

கன்டெய்னர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு அவளே வீடியோவில் கூப்பிட்டாள். இது நான் எதிர்பார்க்காதது. "அண்ணே, நீ பாக்காம நாங்க திறக்கிறதா? நல்லாருக்கே!" என்றாள். பின்னால் புதுக் கடை, பளபளவென்று பலகை மாட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கன்டெய்னருக்குப் பக்கத்தில் நின்று கை ஆட்டினான்.

"மச்சான், வட்டம் அப்படியே இருக்கு பாருங்க! மழையும் வெயிலும் ஒண்ணும் பண்ணல" என்றான். அப்புறம் திரும்பி, "வா, முதல் லோடு, நீதான் திறக்கணும். நீ கை வெச்சா கடை ஓஹோன்னு போகும்" என்று அவளைக் கூப்பிட்டான்.

அவளும் சிரித்துக்கொண்டே போனாள். போனைத் தூக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையைக் கைப்பிடியில் வைத்தாள்.

வாழ்க்கையில் நான் பதறியது அந்த ஒரு தடவைதான். "நீ தள்ளி நில்லு! கையை எடு, இடது பக்கம் வா, இன்னும் தள்ளு!" என்று கத்தினேன். அவள் பயந்து போய் நகர்ந்துவிட்டாள். சின்ன வயசிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டாள்.

"என்ன மச்சான், உங்க தங்கச்சி கையில அழுக்கு பட்டுடுமா?" என்று சிரித்துவிட்டு அவனே கைப்பிடியைப் பிடித்தான். திருப்பினான், திரும்பவில்லை. இறுகிப் போயிருந்தது. யார்டில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவன், சார். கைப்பிடி இறுகினால் உள்ளே சரக்கு சாய்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. கையை எடுத்துவிட்டான். ஒரு நிமிஷம் கதவையே பார்த்தான்.

"என்னங்க, கயிறு கட்டிக்கலாமா?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"சேச்சே. மச்சான் வட்டம் போட்டிருக்காரு. கடல் காத்துல துரு பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

தன் கை சொன்னதை விட்டுவிட்டு என் வட்டத்தை நம்பினான். என்னிடம் வேலை பார்க்கிறவன் எவனாவது அப்படி இழுத்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பேன். அஜாக்கிரதைக்கும் ஓர் அளவு இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அவளிடம் சொன்ன அதே வார்த்தைதான், அவனிடமும் சொல்ல வாய் வலித்திருக்காது. ஆனால் அதற்காகவா அவ்வளவு தூரம் மெனக்கெட்டேன்?

சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை. போன் கீழே விழுந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நல்ல நீல வானம்.

அவள் வந்துவிட்டாள். அங்கேயே எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டு, கடையை யாருக்கோ கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு வந்தாள். பீரோவையும் தையல் மெஷினையும் அங்கேயே விட்டுவிட்டாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஒரு கீறல் விழாமல் போய்ச் சேர்ந்த சாமான். போனால் போகட்டும், புது மெஷின் வாங்கிக் கொடுத்தேன், அவள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நான் யார்டு கதை சொல்லுவேன், அவள் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். துக்கம் அல்லவா, நாளாகும்.

நேற்று மத்தியானம் எனக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு என்னைய மட்டும் ஏன் தள்ளி நிக்கச் சொன்ன?"

"பயம்மா. கன்டெய்னர் கதவுன்னா பயம்தானே."

"வட்டம் போட்டது நீதானே? நீயே போட்ட வட்டத்துக்கு நீயே ஏன் பயந்த?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு நேற்று நன்றாக அமைந்திருந்தது.

"அவரும் என் பக்கத்துலதானே நின்னாரு, அண்ணே" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இன்றைக்குக் காலையில் நீங்கள் வந்தீர்கள்.

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தள்ளி நில் என்று நான் கத்தியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும், சார். பெற்றவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். அதை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். இரண்டு பேரையும் கொல்ல நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நான் கொன்றது ஒருத்தனைத்தான். தெரிந்தே கொன்றேன். போதுமா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஒரே ஓர் உதவி. அவள் காலையிலிருந்து அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறாள், நான் வரும்வரை சாப்பிடவும் மாட்டாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள், நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள். கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள். அவளுக்கு என்னை விட்டால் இப்போது யார் இருக்கிறார்கள், சார்?