குளிருக்குப் பழக்குவது

ஈர மண்ணைக் கொத்தக் கூடாது. இதைச் சொன்னால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஆனால் பனிக்காலம் முடிந்து வெயில் லேசாக முகம் காட்டியதுமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அவசரப்பட மாட்டேன். ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துவேன். உதிர்ந்தால் கொத்தலாம். பிசைந்த மாவுபோல ஒட்டிக்கொண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குத் தோட்டம் சரிப்படாது.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் முதலில் தோட்டமாக இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் உடைந்த ஓடுகளையும் கண்ணாடியையும் கொட்டி வைத்திருந்த கட்டாந்தரை. அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, அவர் கண்ணயரும் நேரங்களில் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது. காய்ந்த இலையையும் சமையலறைக் கழிவையும் மக்கவைத்துக் கொட்டினேன். முதல் மண்புழுவைப் பார்த்த அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒரு புழுவுக்கா இவ்வளவு சத்தம்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் போன பிறகுதான் வீடு தம்பி பேரில் இருப்பது தெரிந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் வேறு ஊரில் இருந்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரிதான், "கறையான் புத்தெடுக்க பாம்பு குடிவந்த கதையா இருக்கேக்கா" என்றாள். அவளுக்கு வாய் நீளம். பாம்பு வரட்டும், பார்க்கலாம் என்று பட்டாணி விதைத்தேன்.

வந்தான். பக்கவாதம் அடித்து இடது பக்கம் விழுந்து, பேச்சு குழறி, சக்கர நாற்காலியில் வந்தான். கொண்டுவந்து விட்ட அவன் மனைவி வாசற்படிகூட ஏறவில்லை. "உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கமாச்சே, அண்ணி" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். உண்மைதான். ஊட்டுவது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் எனக்குப் பழக்கம். கட்டில்கூட அதே கட்டில்தான். ஆள் மட்டும் மாறியிருந்தது.

வீட்டில் வெயில் நன்றாக விழும் ஒரே ஜன்னல் அவன் அறையில் இருக்கிறது. அதனால் விதைத் தட்டுகளை அங்கேதான் வைத்தேன். தக்காளி, மிளகாய், முட்டைக்கோஸ். நாற்றுகள் முளைத்து, வெளிச்சத்துக்காகக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல்போல நீண்டன. அவனும் அப்படித்தான் இருந்தான். வெளுத்துப்போய், கழுத்து நிற்காமல், ஜன்னல் பக்கமாகச் சரிந்தபடி. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "ரூமுக்குள்ளயே பொத்திப் பொத்தி வெக்காதீங்கம்மா. கொஞ்சம் வெளிக்காத்து படட்டும்" என்றார்.

உங்களுக்குத் தோட்ட வேலை தெரியாது என்றால் இதைச் சொல்லியாக வேண்டும். ஜன்னலோரம் வளர்ந்த நாற்றை நேரே கொண்டுபோய்ப் பாத்தியில் நட்டால் துவண்டுவிடும். அதைப் பழக்க வேண்டும். முதலில் காற்று அடிக்காத சுவரோரம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுவோம். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தண்ணீரையும் குறைப்போம். தண்டு தடித்து, இலை கருத்து, நாற்று முரடாகும். அன்பு காட்டி இதைச் செய்ய முடியாது.

தட்டுகளை வெளியே வைக்கும்போது அவனையும் வெளியே வைத்தேன். முதலில் கழுத்துவரை போர்த்தினேன். பிறகு போர்வை இடுப்புக்கு வந்தது, அப்புறம் முழங்காலுக்கு. அவன் நடுங்கினான். நாற்றும் முதலில் தலை சாய்க்கும். அழுதான். வாய் கோணி அழுவதால் கொஞ்சம் சிரிப்பதுபோல இருக்கும். நான் பாத்தியைக் கொத்திக்கொண்டே, "இன்னும் கொஞ்சம்டா" என்பேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தம்பியையும் நாத்தோட நாத்தா வெச்சுட்டீங்க? தண்ணி ஊத்துனா ரெண்டு இலை விடுவாரு போல" என்றாள். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

நான் அவனைக் கொடுமைப்படுத்தியதாக எழுதிக்கொள்ளாதீர்கள். அவனுக்கு உடம்பு தேறியது. மருத்துவரைக் கேளுங்கள், சொல்வார். கன்னத்தில் ரத்தம் ஓடியது. கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒருநாள் நான் எருவைப் பரப்பிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "ஏ மண்ணாங்கட்டி" என்று தெளிவாகக் கூப்பிட்டான். சின்ன வயதில் அவன் எனக்கு வைத்த பேர் அது. அதற்குப் பிறகு என்னை அவன் வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதே அபூர்வம். அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையால் தேறினான் அல்லவா?

பேச்சு திரும்பியதும் அவன் முதலில் போன் செய்தது கொத்தனாருக்கு.

மண் உதிரும் பதத்துக்கு வந்து, பாத்திகளைச் சீவிச் சமன்செய்து முடித்திருந்த நேரம். வரிசை பிடிக்கக் கயிறுகூடக் கட்டிவிட்டேன். கொத்தனார் அளவு நாடாவோடு வந்து, கனத்த காலணியோடு பாத்தியின் நடுவில் போய் நின்றார். கொத்தின மண்ணில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அது இறுகி, வேருக்குக் காற்றுப் போகாது. நான்கூட வருஷக்கணக்காகப் பலகை போட்டு அதன்மேல்தான் நடப்பேன்.

"ஐயா, பாத்தி மேல ஏறாதீங்க" என்றேன்.

"ஏறட்டும்" என்றான் தம்பி நாற்காலியிலிருந்து. "அடுத்த வாரம் இங்க பாத்தியே இருக்காது. நல்லா கெட்டியா சிமெண்ட் போட்டு வண்டி விடப்போறேன்."

"அப்ப நாத்தெல்லாம்?"

"உன் நாத்தைத் தொட்டியில வெச்சுக்கோ. இல்ல, உன் வீட்டுல போய் நடு." சொல்லிவிட்டு, கொத்தனாரைப் பார்த்துக் கண்ணடித்தான். விழுந்திருந்த இடது கண் இமையும் இப்போது நன்றாகவே வேலை செய்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கொத்தனார் போன பிறகு பலகையைப் போட்டு உட்கார்ந்து, மிதிபட்ட இடத்தைக் கையாலேயே பொலபொலப்பாக்கினேன். இரண்டு கால் தடங்கள்தான். அதற்குள் வெயில் இறங்கிவிட்டது. சமையலறை வானொலியில் இன்று உறைபனி விழும், மென்மையான செடிகளை உள்ளே எடுத்துவையுங்கள் என்றார்கள்.

உறைபனி வரப்போவது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதனால்தான் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனேன். கதவுக்கு நேரே அவன் நாற்காலி இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

"அக்கா, குளிருது. முதல்ல என்னைத் தள்ளிட்டுப் போ" என்றான். அன்று அக்கா என்றுதான் சொன்னான்.

"இருடா. இதுங்க சின்னதுங்க, தாங்காது. நீ தாங்குவ" என்றேன்.

தேவைப்படுமே என்று அவன் முழங்கால் போர்வையை எடுத்து மிளகாய்த் தட்டுகளுக்குப் போர்த்தினேன். ஜன்னலோரம் குளிர் கசியும். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவன் கூப்பிட்டது கேட்டது. குரல் நன்றாகத்தான் இருந்தது. வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். விடிந்ததும் விறைத்துக் கிடந்தவனைச் சுவருக்கு மேலாகப் பார்த்துத் தையல்காரி ஓடிவந்தபோது, மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் எதையும் மறக்கவில்லை.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வீட்டில் இப்போது ஆள் இல்லை. யாரையாவது அனுப்பித் தட்டுகளை வெயிலில் வைக்கச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் ஞாபகமாக உள்ளே எடுத்துவிட வேண்டும். என் கையில் வளர்ந்த எதையும் நான் இதுவரை குளிருக்குக் கொடுத்ததில்லை.