போகும் திசை

இந்த ஊரில் சாலையைக் கடப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. நிற்காமல், ஓடாமல் ஒரே சீராக நடந்தால் மோட்டார் சைக்கிள்கள் தாமாகவே விலகிப் போகும். என் மனைவி ராக்கம்மைக்கு மட்டும் அது கைவரவில்லை. காரைக்குடியில் வண்டி வலப்பக்கமிருந்து வரும், இங்கே இடப்பக்கமிருந்து. இத்தனை வருடமாகியும் அவள் தலை முதலில் வலப்பக்கம்தான் திரும்பும்.

"ரோட்டப் பாக்காத, வெளக்கப் பாரு. செவப்பு எரியலன்னா நட," என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"நீங்க வச்ச வெளக்குதானே? ஒங்களவிட அத நம்பலாம்," என்றாள்.

பூ மி ஹங் என்ற குடியிருப்புப் பகுதியில், மகள் மீனாளின் பள்ளி வாசலில் இருக்கும் விளக்கு. கடக்கும் இடத்தைத் தாண்டி நிற்கும் கம்பத்தில் ரேடார் இருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுத்த வண்டி ரேடாரை நோக்கி வந்தால், நடப்பவர்களுக்குச் சிவப்பு எரியும். எதிர்த்திசையில் புகுந்த வண்டி ரேடாரைவிட்டு விலகிப் போகும், அதற்கும் எரியும். இரண்டு திசையையும் நான்தான் அமைத்தேன்.

ராக்கம்மை மீனாளோடு ஊருக்கே போய்விடத் தீர்மானித்தாள். நான் கை நீட்டுகிறவன் இல்லை. சில நாள் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு காலை பள்ளிக்குக் கிளம்பும்போது "போறேன்" என்றாள். எங்கள் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

"வர்றேன்னு சொல்லு."

"அடுத்த வாரம் போனா வரப்போறதில்ல. பெறகு எதுக்குப் பொய்யி?"

மீனாள் செருப்பை மாட்டியபடி, "நான் வர்றேன் அப்பச்சி," என்றாள், எனக்காக.

மீனாள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. ராக்கம்மை காலில் கட்டோடு கிடந்தால் பயணம் தள்ளிப்போகும் என்று தோன்றியது. முதலில் வேக வரம்பை நாற்பதாக உயர்த்தினேன். அதற்குக் கீழே வருகிற வண்டி இடித்தால் கால் முறியும், உயிர் பெரும்பாலும் தங்கிவிடும். அவள் நலனையும் பார்க்க வேண்டுமல்லவா. ஒன்றும் நடக்கவில்லை. பயண நாள் நெருங்கியது. அப்போதுதான் திசையில் கை வைத்தேன். வரும் திசையை நீக்கிவிட்டு, போகும் திசையை மட்டும் விட்டுவைத்தேன். நேராக வரும் வண்டிக்கு இனி சிவப்பு எரியாது. யாராவது எதிர்த்திசையில் புகுந்தால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் அங்கே பாண் மி ரொட்டி விற்கும் பெண் அடிபட்டாள். தோள்பட்டை உடைந்தது. மாற்றியது சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மீனாளின் பாதுகாப்பில் நான் குறை வைக்கவில்லை. காலையில் பேருந்து இருவரையும் பள்ளி வாசலிலேயே இறக்கிவிடும். அவளை உள்ளே விட்டபிறகு, வீடு திரும்ப ராக்கம்மை தனியாகத்தான் சாலையைக் கடப்பாள். மற்றப் பிள்ளைகளா? அவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகப் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அன்று ராக்கம்மை விளக்கைப் பார்த்தாள், நடந்தாள். லாரி நாற்பதுக்குள் வந்திருந்தால் காலோடு போயிருக்கும். அந்த ஓட்டுநரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும். இப்போது கழுத்துக்குக் கீழே அசைவில்லை. விமானத்தில் ஏற்றவே கூடாது என்கிறார் மருத்துவர்.

செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், ஐயா. பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது. இனி மீனாளை அழைத்துவர என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?