நம்பர் ஒண்ணுல என் கடை

மொத நம்பர்ல என் கடையப் போட்டுட்டா தம்பி! மூணுல போட்டிருக்கலாம், ஏழுல போட்டிருக்கலாம்... மொத நம்பர்ல! உக்காருங்க, உக்காருங்க. ஜிப்புதானே? ரன்னர் மட்டும் மாத்தினாப் போதும். கோவண்டியில இருந்து தாராவி வரைக்கும் இந்த ஒரு பையத் தூக்கிட்டா வந்திய? உதுமான் தச்சா பத்து வருசம் தாங்கும்னு எவனாச்சும் சொல்லியிருப்பான். அவன் வாய்க்குச் சக்கரை போடணும்.

இந்தா, இந்த நோட்டீஸப் பாருங்க. 'உங்கள் வார்டு வேட்பாளர் மதீனா பீவி'. யாரு? என் பொஞ்சாதி! படிங்க... தமிழ் படிக்க வராதா? சரி, திருப்புங்க, பின்னால இந்தி இருக்கு. 'முதல் வேலை: பை கடையின் முன்பக்கத்தை எடுத்துவிட்டு கட்டர் சாக்கடையைத் தூர் வாருவது.' இந்தக் கல்லிச் சந்துல எத்தன பை கடை இருக்கு? நாம இப்ப உக்காந்திருக்கோமே, இந்த நாலடி... இதுதான் அந்த முன்பக்கம்!

அவள நிக்கச் சொன்னதே நான்தான். அதுதான் வயிறு எரியுது. இருவது வருசமா இந்த வார்டுல நான்தான் சமூக சேவகர். பெருநாளா, பொங்கலா, கணபதியா, எதுவா இருந்தாலும் பேனர்ல என் மூஞ்சி இருக்கும். சலாம் சொல்லுத மாதிரி ஒரு போட்டோ, கும்புடுத மாதிரி ஒரு போட்டோ, ரெண்டும் எப்பவும் ரெடி. இந்தத் தடவ சுயேச்சையா நின்னே தீருறதுன்னு இருந்தேன். எந்த வார்டு பொம்பளைங்களுக்குன்னு சீட்டுக் குலுக்குனாங்க பாத்துக்கிடுங்க... நம்ம வார்டு மஹிளான்னு வந்துட்டு! அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

எல்லாரும் என்ன பண்ணுதாங்களோ, அதத்தான் நானும் பண்ணுனேன். பொஞ்சாதிய நிறுத்திட்டேன். பக்கத்து வார்டு சாய்நாத்தும் அப்படித்தான். அவன் பொஞ்சாதி, அந்தப் பிள்ளகிட்ட என்ன கேட்டாலும், 'அவர் வந்து சொல்லுவார்'ன்னு நிக்கிது. அது குடும்பம்! நானும் இவகிட்ட, 'நீ ஒண்ணும் பேச வேண்டாம். சிரி, கும்புடு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்'னேன். தலைய ஆட்டுனா தம்பி! இருவத்தி நாலு வருசமா ஆட்டுன தலைதானேன்னு நம்பிட்டேன்.

நான் எப்பேர்ப்பட்ட லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன் தெரியுமா? கல்லி மொனையில எங்க வாப்பா பேர்ல ஒரு வளைவு. சுத்தி கலர் லைட்டு. அப்புறம் கிரிக்கெட் கப்பு. அப்புறம் 'தாராவியை சிங்கப்பூர் ஆக்குவோம்'. இத வாசிச்சிட்டு இவ கேக்கா, 'கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்லையே, அது எத்தனாவது?'ன்னு. எலெக்சன்ல எவனாச்சும் கக்கூஸ் தாப்பாளப் பத்திப் பேசுவானா?

ஆம்பள பகல்ல வீட்டுக்குள்ள போயி ஓட்டுக் கேக்க முடியாதுல்லா? அதனால இவளும் பக்கத்து வீட்டு பானுமதியும் வீடு வீடாப் போனாங்க. போனவ கும்புட்டுட்டு வரணுமா இல்லையா? உக்காந்து கேட்டிருக்கா! கையில ஒரு நோட்டு வேற. குப்ப வண்டி பத்து மணிக்கு வந்தா வேலைக்குப் போற பொம்பள எப்படிக் குப்ப போடுவா, ஆறு மணிக்கு வரணும்... எழுதியிருக்கா. கக்கூஸ் போற வழியில லைட்டு இல்ல... எழுதியிருக்கா. எழுதிட்டுப் போ, எனக்கென்ன. ஆனா எல்லா வீட்லயும் ஒரே பேச்சாம். மழை வந்தா கட்டர் தண்ணி உள்ள வருதுன்னு.

நான் இல்லேன்னேனா? ஒவ்வொரு மழைக்கும் முனிசிபாலிட்டிக்கு மனு எழுதுனதே நான்தானே! 'அதிகாரிகள் உறங்குகிறார்களா?'ன்னு வார்டு ஆபீஸ் வாசல்ல கோசம் போட்டேன், அதுக்கும் பேனர் வச்சேன். தூர் வார ஆளு வருவான். மூங்கில் கம்ப உள்ள விடுவான். கொஞ்ச தூரம் போயி முட்டிக்கிடும். 'இங்க எங்கயோ ஒரு சேம்பர் குழி இருக்கணுமே, மூடியக் காணோமே'ம்பான். தேடுவான், போயிருவான். எல்லா வருசமும் இதே கததான்...

டீ சொல்லட்டா? வேண்டாமா? ஏன் தரையப் பாத்துட்டுக் காலைத் தூக்கிக்கிடுதிய? சும்மா வையுங்க, ஒண்ணும் ஆகாது.

...சரி, சொல்லுதேன். நீங்க கோவண்டிக்காரர், யார்ட்டப் போயிச் சொல்லப் போறிய. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி இந்த மிசினு வாங்குனேன், போட எடமில்ல. தாராவியில முன்னால நாலடி இழுத்துக் கட்டாதவன் எவன் தம்பி? நானும் இழுத்தேன். என் கெட்ட நேரம், சேம்பர் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு. 'மூடிய விட்டுட்டுக் கட்டலாம் சேட்'டுன்னான் பஞ்சு மேஸ்திரி. மூடிய விட்டா மிசினு எங்க நிக்கும்? கான்கிரீட்டப் போட்டு மேல டைல்ஸும் ஒட்டியாச்சு. பஞ்சு ஊருக்கே போயிட்டான். மிச்சம் தெரிஞ்சது எனக்கும் என் பொஞ்சாதிக்கும்தான். வேற எவளாச்சும் நின்னிருந்தா இது வெளிய வந்திருக்குமா? சீட்டு வீட்ட விட்டுப் போயிரக் கூடாதுன்னு நான் இவள நிறுத்துனேன் பாருங்க... என்னையச் சொல்லணும்.

போன ஜூலை மழையில கல்லிக் கடைசியில இருக்க உமைரா வீட்டுக்குள்ள கட்டில் மட்டத்துக்குத் தண்ணி. அவ புருசன் அஸாருதீன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்து இடுப்பொடிஞ்சி படுக்கையில கெடக்கான். கட்டிலோட தூக்கி வெளிய கொண்டாந்தோம். நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். பய என் கையப் பிடிச்சிக்கிட்டு, 'உதுமான் காக்கா, நீங்க இல்லாட்டி மவுத்தாயிருப்பேன்'னு அழுதான் தம்பி. இவ பக்கத்துல நின்னா. என்னைய ஒரு பார்வ பாத்தா. வீட்டுக்கு வந்து சோறும் வச்சா. மறந்துட்டான்னு நெனச்சேன்... நான் மறக்கல. அந்தக் கை இன்னும் பிடிச்சிக்கிட்டே இருக்க மாதிரிதான் இருக்கு.

நேத்து கூட்டத்துல மைக்க என் கையில இருந்து வாங்குனா. 'ஜெயிச்சி வந்து செய்யுதேன்னு நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு, எங்க வீட்டுக்காரர் கடையில இருந்து ஆரம்பிப்போம்'னா. பொம்பளைங்க தட்டுன தட்டு இருக்கே! நானும் தட்டுனேன். எல்லாரும் என்னையே பாக்காங்க, தட்டாம என்ன செய்ய? வீட்டுக்குப் போயி, 'மிசின எங்க போட?'ன்னு கத்துனேன். 'நம்ம கட்டிலத் தூக்கிட்டுப் போடுங்க'ங்கா. 'நீ தோத்துட்டா?'ன்னேன். 'தோத்தாலும் தண்ணி வடியும்'ங்கா. இப்ப அவ ஜெயிக்கணும்னு துவா கேக்கவும் வாய் வரல, தோக்கணும்னு கேக்கவும் வாய் வரல.

இந்தாங்க, ரன்னர் ஓடுதான்னு இழுத்துப் பாருங்க... மணி நாலாயிட்டா? அந்தா வாராளுவ. பானுமதி கையில கடப்பாரையப் பாருங்க, இவ அத எங்கேருந்து பிடிச்சா! உமைராவும் வாரா. முன்னால வாரா பாருங்க நோட்டும் கையுமா, அவதான். நிக்கா. என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. மூடி உள்ள கெடக்குன்னு தெரியுமே தவிர எந்த எடம்னு அவளுக்குத் தெரியாதுல்லா, மூடுன அன்னைக்கு அவ ஊர்ல இருந்தா. நாலடிக்குப் பன்னெண்டடி, எந்த மூலையில தேடுவா? நான் வாயத் தொறக்காட்டி பொழுது சாயுற வரைக்கும் கொத்திக்கிட்டே நிப்பாளுவ...

ஏ பானு! அங்க குத்தாத, அதுக்கடியில வெறும் மண்ணுதான். தம்பி, போயிராதிய, இந்த மிசின அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க... ஆங், அப்படியே தூக்குங்க. இதுக்கு நேர் கீழதான் கெடக்கு, மூடுனவனுக்குத் தெரியாதா?