பாதியில் எழுப்பக் கூடாது

வயதானவர்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பது பெரிய வித்தை இல்லை. நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் சிரிக்கக் கூடாது. மறுநாளும் அவர்களாகவே வரும்படி செய்வதில்தான் பாடு இருக்கிறது.

இந்த முதியோர் இல்லத்தில் மூளைப் பயிற்சிக்கு நான்தான் பொறுப்பு. என்னை டீச்சர் என்பார்கள். முதல் வாரம் முண்டியடித்து வருவார்கள். அப்புறம் ஒருவருக்கு முழங்கால் வலிக்கும், இன்னொருவருக்குக் கண் கூசும். கைதட்டி உற்சாகப்படுத்தினாலும் நிலைக்க மாட்டார்கள்.

கண்டக்டரம்மா வரவே மறுத்தார். ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் விசிலோடு நின்றவர். "ஆயிரம் பேர் மூஞ்சிய ஞாபகம் வச்சிருந்தவ நான். இந்தப் பொட்டி எனக்கு என்னத்தக் கத்துக்குடுக்கும்?" என்றார். ஆனால் காலையில் சாப்பிட்டாரா என்பது மதியம் அவருக்கு நினைவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அவருக்கு இருந்த ஒரே பிடி, வெளியூரில் இருந்த மகள். மாலையில் வரும் போனுக்கு மதியமே தலைவாரி உட்கார்ந்துவிடுவார். அந்தப் போனை என் அறைக்கு மாற்றச் சொன்னேன். பயிற்சியை முடித்தால் பேசலாம் என்றேன். மகளும் ஒத்துக்கொண்டாள். "அம்மா நல்லாகணும் டீச்சர். நீங்க சொல்றபடியே செய்யலாம்."

மறுநாளே கண்டக்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். பயிற்சி ஒரு விளையாட்டு மாதிரி. திரையில் ஒரு பஸ்ஸில் பயணிகள் ஏறுவார்கள். யார் எந்த நிறுத்தம் என்று நினைவு வைத்து இறக்கிவிட வேண்டும். "போலாம் ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சரியாக முடித்தால் மணி அடிக்கும். மணிக்குப் பதில் வேறு ஒலி சேர்க்க வசதி உண்டு. மகளின் குரலைப் பதிந்து சேர்த்தேன்: "சூப்பர்மா. இன்னும் ஒண்ணு."

மகளோடு பேசிவிட்ட நாளில் திருப்தியாக எழுந்து போய்விடுவார். பேசாத நாளில் கூடுதலாக உட்கார்ந்தார். அதனால், கடைசி நிலையை முடித்த பிறகு பேசலாம் என்று மாற்றினேன். அந்தப் பயிற்சிக்குக் கடைசி நிலை கிடையாது. முடிக்க முடிக்க அது கடினமாகிக்கொண்டே போகும்.

மகள் கூப்பிடும்போதெல்லாம், அம்மா பயிற்சியில் இருக்கிறார் என்பேன். அது பொய்யும் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், நாளைக்கு எனக்கு ஆபரேஷன். ஒரே ஒரு நிமிஷம் அம்மாகிட்ட குடுங்களேன்."

"பாதியில எழுப்பினா இவ்வளவு நேரம் பண்ணது வீணாப் போயிடும்மா."

"சரி, முடிக்கட்டும். நான் லைன்லயே இருக்கேன்."

கண்டக்டரம்மா கடைசிப் பயணியைத் தவறான இடத்தில் இறக்கிவிட்டார். முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. திரும்பிப் போனை எடுத்தபோது இணைப்பு இல்லை. ஆபரேஷனிலிருந்து மகள் பிழைக்கவில்லை.

மருமகன் நேரில் வந்தார். அதிர்ச்சி வந்தால் தேறியதெல்லாம் போய்விடும், நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பயிற்சியில் சேர்த்த மகளின் குரலை எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். அன்றைக்குத்தான் அவர் புது நிலை ஆரம்பித்திருந்தார், விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் சாப்பிட்டதை மாலையில் பிழையில்லாமல் சொல்கிறார். நேற்று திரையைப் பார்த்து, "ஏண்டி, தெனமும் இதையேதான் சொல்ற. எம்மேல கோவமா?" என்று கேட்டார். முன்பெல்லாம் முந்தின நாள் கேட்டது அவருக்கு எங்கே நினைவிருந்தது? பயிற்சி பலித்திருக்கிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆமாம், மகளைப் பேசவிடாமல் செய்தது நான்தான். அவள் செத்ததை மறைத்ததும் நான்தான். அவரிடம் நீங்களே உண்மையைச் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். இப்போது பயிற்சியில் இருக்கிறார். முடிக்கட்டும், பாதியில் எழுப்ப வேண்டாம்.