ஒரு வீட்டைத் தாண்டிப் போன புத்தகம்

– ஒட்டறதுக்கு முன்னாடி அந்த லெட்டரப் படிச்சுக் காட்டு, நெடுமாறா.

– படிக்க என்னக்கா இருக்கு. பதிப்பகத்துக்கு நாலு வரி. ‘என் நாவலை இனி அச்சிட வேண்டாம். விற்காத பிரதிகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிடுங்கள்.’ அஞ்சு மணிக்கு கொரியர்காரர் வருவாரு. குடுத்தனுப்பிட்டா நான் பழையபடி வெறும் ஜெராக்ஸ் கடைக்காரன்.

– நாலு வருஷம் ஒக்காந்து எழுதின.

– எழுதினேன். சரி விடுங்க. உக்காருங்க ஜெயக்கா, அந்த பேப்பர் கட்ட நகத்திட்டு உக்காருங்க. கருவடிக்குப்பத்துலேர்ந்து இந்த வெயில்ல பெரிய மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கீங்க. இனியவனுக்கு ஏதாவது சர்ட்டிபிகேட் ஜெராக்ஸா?

– அது போன மாசமே எடுத்தாச்சு.

– எப்படி இருக்கான்?

– தூங்கறான். அது கெடக்கட்டும். எதுக்கு இப்ப இந்த லெட்டரு? நம்ம வாசகர் வட்டத்துல அப்புடி இன்னாதான் எழுதிட்டாங்க?

– கருத்து எழுதற நோட்டு இங்கதான் இருக்கு. பதினோரு வீடும் சுத்தி முடிஞ்சுதுன்னு நேத்து இராமதாஸ் சார் புத்தகப் பையோட கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிட்டாரு. எப்பவும் டீ குடிக்காம போக மாட்டாரு. நேத்து உள்ளயே வரல.

– படி, கேப்போம்.

– ‘இதை எழுதிய கை விளங்காது.’ பேரு போடக் கூடாதுன்னு வட்டத்துல விதி. ஆனா கையெழுத்து தெரியாதா, இது சார்தான். அடுத்தது, ‘மருமகள் முழுகாமல் இருக்கிற வீடு. அட்டையைக்கூடத் திறக்கவில்லை.’ இந்த மூலையில மஞ்சளா இருக்கு பாருங்க, மஞ்சத் தண்ணி தெளிச்சு அனுப்பியிருக்காங்க. இன்னொருத்தர் பிரெஞ்சுல ஒரே வார்த்தை எழுதியிருக்காரு. நான் யாருகிட்டயும் அர்த்தம் கேக்கல.

– பாக்கியலட்சுமி டீச்சரு?

– ஒன்றரைப் பக்கம். ‘பிணம் எடுக்காத வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். ஆசிரியருக்கு இதுகூடத் தெரியவில்லை.’ பெத்த பொண்ண அம்மாவே கொன்னதப் பத்தி அவங்க ஒரு வரி எழுதல. மறுநாள் காலையில அவ காபி போட்டதுதான் பெரிய குத்தம். கடைசியா ஒருத்தர், ‘தாள் நல்ல தாள்’னு எழுதியிருக்காரு. நீங்க சிரிக்கறீங்க.

– சிரிக்கல. அசதி. அது சிரிக்கற மாதிரி தெரியுது.

– போன்ல கூட கேக்கறாங்கக்கா. திண்டிவனத்துலேர்ந்து ஒருத்தர், உங்க அம்மா எப்படிச் செத்தாங்கன்னாரு. சர்க்கரைன்னு சொன்னேன். நம்பல.

– ம். அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். ஹேமலதா வூட்லேர்ந்து பை எங்க வூட்டுக்குத்தான வரணும்? இந்தத் தடவ எங்க வூட்ட மட்டும் தாண்டி அனுப்பச் சொன்னீங்களாமே, எல்லாருமா சேந்து.

– யாரு சொன்னா? ஹேமலதாவா? ஆமாக்கா. மறைக்கறதுக்கு இல்ல. இருவத்தி நாலு வருஷமா படுக்கையில இருக்கற புள்ளையத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி விடறவங்க நீங்க. படுக்கையில இருக்கற பொண்ண ஒரு அம்மா கொல்ற கதைய உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது? எழுதின எனக்கே மனசு வரல. இந்தப் புத்தக விஷயத்துல வட்டம் மொத்தமும் ஒத்துமையா இருந்தது அது ஒண்ணுலதான்.

– ஆட்டோக்கார அருள்முருகனுக்குச் சொன்னீங்களா?

– அவருக்கு எதுக்கு?

– பைய வூடு வூடா கொண்டு போறவன் அவன். அத்தன பேரு கூடிப் பேசினீங்க, அவனுக்கு ஒருத்தரும் சொல்லல. அவன் வழக்கப்படி எங்க வூட்டு கேட்டுல மாட்டிட்டுப் போயிட்டான். ஒம்போது நாளு என்கிட்ட இருந்துச்சு. அப்பறம் நானே போயி டீச்சர் வூட்டு கேட்டுல மாட்டினேன்.

– படிச்சீங்களா?

– மூணு தடவ. அவனுக்கு ஊட்டிக்கிட்டே. ஒரு வாய் முழுங்கறதுக்குள்ள அரைப் பக்கம் ஓடிடும்.

– அக்கா, மன்னிச்சிடுங்க. இந்த லெட்டரே உங்கள நெனச்சுத்தான்...

– என் பேர அதுல இழுக்காத. கடையிலேர்ந்து திரும்ப எடுத்துக்குவ. நான் படிச்சத எப்புடி எடுத்துக்குவ?

– நோட்டுல நீங்க ஒண்ணும் எழுதலையே.

– எழுத ஒண்ணும் இல்ல. கேக்கத்தான் இருந்துச்சு. அதான் வந்தேன்.

– கேளுங்க. என்ன வேணா கேளுங்க.

– காலையில எழுந்து அவ காபி போட்டுக் குடிக்கறா. ‘பதினேழு வருஷத்துக்குப் பிறகு காபி ருசியாக இருந்தது’னு எழுதியிருக்க. நெசமா ருசியா இருக்குமா?

– அது கதைக்கா. நானா யோசிச்சு எழுதினது.

– யாரையாவது கேட்டு எழுதினியா?

– யாரப் போயிக் கேப்பேன்?

– அப்ப தெரியாமயே எழுதிட்ட.

– தெரியாமத்தான். அந்த அம்மா ஒரு ராத்திரியாவது முழுசா தூங்கட்டும்னு தோணுச்சு, அவ்ளோதான். உண்மையையும் சொல்லிடறேன். இது உங்ககிட்டேர்ந்து எடுத்தது. நோணாங்குப்பத்துல வட்டத்தோட போட்ல போனமே, உங்க தங்கச்சிய இனியவன்கூட இருக்கச் சொல்லிட்டு நீங்களும் வந்தீங்க. ‘எனக்கு முன்னாடி அவன் போயிடணும்’னு சொன்னீங்க.

– எல்லாப் பெத்தவங்களும் சொல்றதுதான். அன்னிக்கு அத்தன பேரும் தலைய ஆட்டிட்டு சுண்டல் தின்னாங்க.

– நானும் தின்னேன். தின்னுட்டு வீட்டுக்குப் போயி எழுத ஆரம்பிச்சேன். திருடினதுதான் அது.

– திருடல. நீ ஒருத்தனாவது காதுல வாங்கின. அதுக்காகக் கோவம் வரலன்னு நெனச்சுக்காத. மொதத் தடவ படிச்சப்ப ஒன்ன செருப்பாலயே அடிக்கணும்னு இருந்துச்சு. ரெண்டாந்தடவ அழுதேன். மூணாந்தடவ படிச்சு முடிச்சுட்டு, அந்தக் காபி வர்ற பக்கத்த மட்டும் மறுபடி மறுபடி பொரட்டினேன். பைய டீச்சர் வூட்ல மாட்டிட்டு வந்தா, அந்தப் பக்கம் மனப்பாடமா ஓடுது. அடுப்புகிட்ட நின்னா ஓடுது. அவனத் தொடைக்கும்போது ஓடுது.

– லெட்டர இப்பவே அனுப்பிடறேன். அஞ்சு மணி வரைக்கும் கூட வேணாம், நானே போயி குடுத்துட்டு வரேன்.

– அனுப்பு, இல்ல அனுப்பாம போ. அதுக்கு வரல நானு.

– இருங்கக்கா. தண்ணி குடிங்க. மொதல்ல அந்தச் சாவிய மேசை மேல வைங்க. வந்ததுலேர்ந்து புடிச்சுக்கிட்டே இருக்கீங்க, உள்ளங்கையில அச்சு விழுந்துடுச்சு.

– கையிலயே இருக்கட்டும்.

– வீட்ல தங்கச்சி இருக்காங்கல்ல?

– அவ சென்னைக்குப் போயி எட்டு மாசம் ஆவுது.

– அப்ப பக்கத்து வீட்டுப் பூவிழி?

– வேலைக்குப் போயிருக்கா. ஆறு மணிக்குத்தான் வருவா.

– அவன ஒரு நிமிஷம் தனியா விட்டவங்க இல்ல நீங்க. இப்ப யாருதான் இருக்கா அவன்கூட?

– தூங்கறான்னு சொன்னேன்ல.

– ஜெயக்கா. என்னப் பாத்துச் சொல்லுங்க. தூங்கறானா?

– தூங்கறான். நெஞ்சு ஏறி எறங்கறதப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன். நான் ஒண்ணும் பண்ணல, நெடுமாறா. பண்ணிடுவேனோன்னு பயமா இருந்துச்சு, அதான் வெளிய வந்து கதவப் பூட்டிட்டேன். இந்தா சாவி. நீ வந்து தொற, நான் ஒன் பின்னால வரேன்.