மேற்படி சேவல்

…இல்லை டோரின், கேட்டுப்போட்டுப் போங்கோ. அந்தக் கோப்பையை மேசையிலை வையுங்கோ, நான் பேந்து கழுவித் தாறன். வெறுங்கோப்பையாய் நான் தாறதில்லைத்தானே, ரெண்டு முட்டை வைச்சுத் தாறன். முதல் இதைக் கேளுங்கோவன். அந்த ஆள், உந்தச் சுகாதார இன்ஸ்பெக்டர், எங்கட கேற்றிலை நிண்டுகொண்டு என்னைப் பாத்துக் கேக்கிறான், "குக்குளா கோ, நோனா?" சேவல் எங்கையாம்! ஆரட்டைக் கேக்கிறான்? முப்பத்தொரு வருஷம் புதுக்கடைக் கோட்டடியிலை பிரக்கிராசியார் கந்தோரிலை ரைப் அடிச்சவள் நான். காணி வழக்கு, வாடகை வழக்கு, விவாகரத்து… எத்தினை ஆயிரம் நோட்டீசு இந்தப் பத்து விரலாலையும் போயிருக்கும்! இண்டைக்கு எனக்கு ஒரு நோட்டீசு! பதினாலு நாளுக்குள்ளை மேற்படி சேவலை அகற்றாட்டில் மேற்படி வீட்டுக்காரர் மேலை நடவடிக்கையாம்.

என்ன சிரிக்கிறியள்? ஓ… 'மேற்படி'யோ? அது வாயிலை ஒட்டிப்போச்சு, இனிக் கழருமோ? இவர் கலியாணம் கட்டின புதுசிலையே தொடங்கினவர், "மேற்படி சொதியிலை உப்புக் காணாது" எண்டு. நாப்பது வருஷமாய் ஒரே பகிடி. சரி, எங்கை விட்டனான்?

இருங்கோ, இருங்கோ, ஏன் எழும்புறியள்? அடுத்த வீடுதானே, உங்கட மனுசன் யேசுரட்ணம் அண்ணையும் இந்த நேரம் நித்திரைதானே. ஃபானைப் போடுறன், இருங்கோ.

எல்லாம் உந்தச் சமராலை வந்தது. "அம்மா, சமருக்கு வாறம்" எண்டு மகன் பிரியந்தன் கனடாவிலையிருந்து போன் எடுத்தான். அவைக்குத்தான் சமர், கோடை லீவு. வெள்ளவத்தையிலை எங்களுக்குப் பன்ரண்டு மாசமும் ஒரே வேர்வை. நான் பள்ளிக்கூடத்திலை படிச்ச தமிழிலை சமர் எண்டால் சண்டை. ஆறு பெட்டியும் ஒரு மருமகளுமாய் வந்து இறங்கின பிறகுதான் விளங்கினது, பொடியன் சரியான தமிழ்தான் கதைச்சிருக்கிறான்.

மேனுகாவைக் கண்டனீங்கள்தானே? நல்ல பிள்ளை. நான் குறை சொல்லேல்லை. ஆனால் டோரின், குசினிக்குள்ளை வந்து என்ர போத்தல் ஒவ்வொண்டாய்த் தூக்கி எழுத்து வாசிக்கிறா. கறித்தூள் போத்தலிலை என்ன எழுத்து இருக்கும்? 'கறித்தூள்' எண்டு இருக்கும், நான்தான் எழுதினனான்! சோறு கூடாதாம், பாண் கூடாதாம், தேங்காய்ப்பால் பறவாயில்லையாம். தேங்காய்ப்பாலை எதோடை சாப்பிடுறது, கரண்டியோடையோ? எனக்குச் சுகர் எண்டு ஒரு மெசின் கொண்டந்தவா, கையிலை ஒட்டுறது. நான் ஒரு துண்டுப் பனங்கட்டியை வாயிலை போட்டால், தன்ர போனிலை மணி அடிக்கும். என்ர வீட்டிலை, என்ர பனங்கட்டிக்கு, அவாவின்ர போனிலை மணி! பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

சரி, கோழிக் கதைக்கு வாறன். பேத்தி தாரிகாவுக்கு எட்டு வயசு. நாய் வேணும், பூனை வேணும் எண்டு அங்கை கேட்டுக் கேட்டு அழுறதாம், தாய் விடமாட்டா, அலர்ஜி. இஞ்ச வந்து பின் வளவைக் கண்டதும் "அம்மம்மா, கோழி வேணும்!" எண்டுது. நான் அப்பம்மாவடி எண்டால், "ஓகே அம்மம்மா" எண்டுது. இவர் அண்டைக்கே ஓட்டோ பிடிச்சு மருதானைக்குப் போய், அலவி நானாவின்ர கடையிலை நாலு குஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். குஞ்செண்டால் ஓரளவு வளந்தது. "நாலும் பேடு, ஐயா. இல்லாட்டில் என்ர பேரை மாத்துங்கோ" எண்டவனாம் அந்த அலவி. நான் இப்ப எத்தினையோ பேர் மாத்திப்போட்டன் அவனுக்கு, உங்களுக்கு முன்னாலை சொல்லேலாது.

தாரிகாதான் பேர் வைச்சது. ஒண்டு பிரின்ஸஸ், ஒண்டு டெய்சி, ஒண்டு ஸ்னோ, மற்றது நகெற். நகெற் எண்டால் என்னடி பிள்ளை எண்டு கேட்டன். கோழியை வெட்டிப் பொரிச்சுத் தின்னுறதாம்! உயிரோடை நிக்கிறதுக்கு வைக்கிற பேரே?

அவை வந்து எட்டாம் நாள்தான் இவருக்கு நெஞ்சுநோ வந்தது. உங்களுக்குத் தெரியும், யேசுரட்ணம் அண்ணைதானே படியாலை தூக்கி இறக்கினவர். அதை நான் மறக்கமாட்டன். ரெண்டு ஸ்ரென்ற் வைச்சு அனுப்பினாங்கள். வந்த மனுசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான். டொக்டர் நடக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். நான் கத்தினன், பிரியந்தன் கெஞ்சினான், மேனுகா ஏதோ மூச்சுப் பயிற்சி வீடியோ போட்டுக் காட்டினா. ஆறு நாள், டோரின். ஆறு நாளும் நான் அந்த முதுகைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எனக்குப் பயம் வந்திட்டுது. உண்மையிலை பயம் வந்திட்டுது.

ஏழாம் நாள் தாரிகா பிரின்ஸஸைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலிலை விட்டுது. என்ர வெள்ளைப் பெட்சீற், கலியாணவீட்டுப் பரிசு, அதிலை அது செய்யவேண்டிய வேலையைச் செய்துபோட்டு இவற்ற காதிலை கொத்திச்சுது. மனுசன் திரும்பிப் பாத்தார். சிரிச்சார்! நான் பெட்சீற்றைத் தோய்க்கிற சாட்டிலை குளியலறைக்குள்ளை போய் நிண்டு அழுதனான்.

அதுக்குப் பிறகு என்ன? ஆகஸ்ட் முடிய அவை பெட்டியைக் கட்டிக்கொண்டு போட்டினம். கோழி நாலும் எங்கட தலையிலை. ஆனால் இவர் எழும்புறார், கண்டியளோ. விடியக்காலமை எழும்பி, கூட்டைத் திறந்து, அதுகளுக்குப் பின்னாலை வளவைச் சுத்திச் சுத்தி நடக்கிறார். போன கிழமை டொக்டர் நாடியைப் பிடிச்சுப் பாத்துப்போட்டு, என்ன மருந்து குடுக்கிறியள் எண்டு கேக்கிறார். அரிசிக் குறுணல் எண்டன். இப்ப அந்தச் சேவலைக் கொண்டுபோக விட்டால் மனுசன் திரும்பவும் சுவரைப் பாத்துப் படுத்திடுவார். அதுதான் எனக்குப் பயம். மற்றும்படி கோழியாலை எனக்கென்ன, முற்றமெல்லாம் எச்சம்.

ஓம் ஓம், சேவல்தான். பிரின்ஸஸ்தான் சேவல். ஒருநாள் விடியக்காலமை நாலு மணிக்கு ரோச் லைற்றோடை போய்ப் பாக்கிறன், பழைய வோஷிங் மெசினுக்கு மேலை ஏறிக் கழுத்தை நீட்டி, "கொக்கரக்கோ!" பிரின்ஸஸ்! அலவி நானாவின்ர பேடு!

அப்ப அந்த இன்ஸ்பெக்டர் ஏன் இந்தப் பக்கம் வந்தவன் எண்டு கேளுங்கோ. ஒரு மொட்டைக் கடதாசி, டோரின். பேரில்லாத கடதாசி. முதல் உங்கட வீட்டுக்கு வந்தானே, உங்கட சேவல் சாஜனுக்காக, உதே ஃபைல்தானாம். மேற்படி முறைப்பாட்டுக்குப் பிறகு ஒழுங்கையிலை சேவல் இன்னும் கூவுதோ எண்டு பாக்க வந்தவனாம். நான் கேற்றிலை நிண்டு, "நே மாத்தயா, மெஹே குக்குளெக் நே," இஞ்ச சேவலெண்டு ஒண்டும் இல்லை, எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். பின்னாலை மதிலிலை ஏறி நிண்டு கூவிச்சுது பாருங்கோ! எதிரி தானே சாட்சிக்கூட்டிலை ஏறிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி.

உங்கட சாஜனை நினைச்சால் எனக்கு இப்பவும் மனம் கேக்காது. கொட்டாஞ்சேனையிலையிருந்து மடியிலை வைச்சுக்கொண்டு வந்த சேவலெல்லே? துறைமுகத்திலை கிரேன் ஓட்டின மனுசன், யேசுரட்ணம் அண்ணை, அண்டைக்கு வெறுங்கூட்டைக் கழுவிக்கொண்டு நிண்டதை மதிலாலை பாத்தனான். கழுவின கூட்டைத் திருப்பிக் கழுவிக்கொண்டு நிண்டார். சிலாபத்திலை உங்கட தங்கச்சி வீட்டுக்குத்தானே அனுப்பினீங்கள்? அங்கை பெருநாளுக்குக் கறியாய்ப் போச்செண்டு நீங்கள் சொன்ன அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, தெரியுமோ? ஆரெண்டு தெரிஞ்சால்… உப்பிடியும் மனுசர் இருக்குதுகள், அயலுக்குள்ளை இருந்துகொண்டு. வாய் திறந்து கேட்டால் முடிஞ்சுது. கடதாசி எழுதுறதே?

சரி, விடுவம். இதைப் பாருங்கோ. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபனை இல்லையெண்டு ஒரு கடிதம் குடுத்தால் விடலாமெண்டு அந்த மாத்தயா சொன்னவன். நானே ரைப் அடிச்சு வைச்சிருக்கிறன், உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, கீழை கையெழுத்து மட்டும். வாசிக்கிறன். "மேற்படி சேவலானது எமது அயல்வீட்டில் வளர்க்கப்படுவதால் எமக்கு யாதோர் இடையூறும் இல்லையென இத்தால் உறுதிப்படுத்துகிறேன்." வடிவாய் இருக்கெல்லே? இந்தாங்கோ பேனை.

என்ன… என்ன போனை நீட்டுறியள்? பிள்ளையின்ர படமோ? பொறுங்கோ, கண்ணாடியைப் போடுறன்… இது கடிதமெல்லே. "மேற்படி சேவலானது அதிகாலை நான்கு மணி தொடக்கம் இடையறாது கூவுவதால் யாதோர்…"

…ம்.

இது எங்காலை எடுத்தனீங்கள்?

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதோ? அதுக்கு… அதுக்கு யேசுரட்ணம் அண்ணையட்டைக் குடுத்தே வாசிப்பிச்சவன்? அப்ப எடுத்த படமோ இது? தன்ர சேவலுக்கு வந்த குற்றப்பத்திரத்தை அந்த மனுசன் தன்ர வாயாலையோ வாசிச்சது? ஐயோ.

இல்லை, டோரின், ஏன் என்னைப் பாக்கிறியள்? மேற்படி எண்டு இந்தக் கொழும்பிலை நான் ஒருத்தியோ எழுதுறன்? புதுக்கடைப் பக்கம் போய்ப் பாருங்கோ, ஒவ்வொரு மேசையிலையும் மேற்படி. கீழை பேர்கூட இல்லையே. 'ஒரு நலன்விரும்பி' எண்டெல்லே போட்டனான்…

போட்டிருக்கு எண்டு சொல்ல வந்தனான்.

…சரி. நான்தான்.

நான்தான் எழுதினனான். இருங்கோ, போகாதேங்கோ, ஒருக்கா இருங்கோ. நாலு மணிக்குக் கூவிச்சுது. இவர் உடனை எழும்பி இருந்தார். நான் நினைச்சன், இருதய நோயாளி, நித்திரை குழம்புது எண்டு. எங்கட நாலும் பேடு, உத்தரவாதமெல்லே! ஒழுங்கையிலை சேவலெண்டால் உங்கட சாஜன் ஒண்டுதான். வந்து கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. கேட்டால் முகம் முறிஞ்சுபோகும் எண்டு ரைப்ரைற்றரை எடுத்தன். சாஜன் போய் மற்ற நாள், அதே நாலு மணி, அதே கூவல். அப்பதான் ரோச் லைற்றோடை போனனான். ஆரட்டைப் போய்ச் சொல்லுறது? இவரட்டைச் சொன்னால், "அது பிரின்ஸஸ்தானே, முதல் நாளே எனக்குத் தெரியும்" எண்டு சிரிக்கிறார். அந்தக் கூவலைக் கேட்டுத்தானாம் எழும்புறவர்! ஏன் சொல்லேல்லை எண்டால், "நீர் கேக்கேல்லையே."

உங்களுக்குத் தெரிஞ்சு ஒரு மாசமோ? ஒரு மாசமாய்த் தெரிஞ்சுகொண்டோ எனக்குப் பலாக்காய்க் கறி தந்தனீங்கள்? நேற்று றால் பொரியல்? நான் அதை நக்கி நக்கிச் சாப்பிட்டுப்போட்டு… சீ. ஏசியிருக்கலாமே, டோரின். மதிலிலை நிண்டு ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். மன்னிப்புக் கேக்க எனக்குத் தெரியாது. ரைப் அடிக்கத்தான் தெரியும். ஆனால் கேக்கிறன். யேசுரட்ணம் அண்ணையட்டையும் வந்து கேக்கிறன்.

என்ன, பேனையை எடுக்கிறியள்… போடுறியளோ கையெழுத்து? ஐயோ, நீங்கள்… என்ன வெட்டுறியள் அதிலை? 'வளர்க்கப்படுவதால்' சரியான தமிழ்தான். என்ன, கீழை உங்கட பேரை வெட்டிப்போட்டு என்ர பேரை எழுதுறியள்? நான் ஏன் கையெழுத்துப் போடவேணும், சேவல் என்ர… அயல்வீடு…

ஆ.

விளங்குது. சேவல் உங்கட பக்கம். ஆட்சேபனை இல்லாத அயல்வீட்டுக்காரி நான். கழுவின கூடு இருக்கு, ஓம். ஆனால் டோரின், இவருக்கு… இவருக்கு அதுதானே உயிர். கூவினால் இஞ்சையும் கேக்கும்தான். காலமை எழும்பி உங்கட கேற்றுக்கு நடந்து வரலாம்தான். டொக்டரும் வளவுக்குள்ளை சுத்தாமல் வெளியிலை நடக்கச் சொன்னவர்தான். ஆனாலும் அவரட்டை ஒரு வார்த்தை கேக்காமல் நான் எப்பிடி…

பின்னாலை என்ன சத்தம்? மதிலடியிலை ஆர், இவரோ? இஞ்சரும்! என்ன செய்யிறீர் அங்கை? பிரின்ஸஸை ஏன் மதிலுக்கு மேலாலை… யேசுரட்ணம் அண்ணை! நீங்கள் நித்திரையெல்லே!

ஓ. எல்லாரும் கதைச்சு முடிச்சாச்சோ? இவரும் கூட்டோ? என்னட்டைத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கேக்கேல்லையாக்கும்!

தாங்கோ அந்தப் பேனையை. ஒண்டு சொல்லுறன், காலமை இவர் வந்து நிண்டால் சீனி போட்டுத் தேத்தண்ணி குடுக்கக்கூடாது. யேசுரட்ணம் அண்ணைக்கும் சொல்லி வையுங்கோ. எங்கை போடுறது, இதிலையோ?

இல்லை, டோரின், நலன்விரும்பி இல்லை. முழுப்பேரும் போடுறன். நேசமலர் கதிர்காமநாதன். …வடிவாய் விளங்குதோ?