கைக்குட்டையை வாங்கிய மாணவி

கலேவெல போகும் வழியில், நாலந்தாவுக்குப் பக்கத்தில் ராணுவச் சோதனைக்காக பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் சீருடையில் ஒரு மாணவியும் அவளுடைய அப்பாவும் டீச்சரும் நின்றார்கள்.

“ஆமிக்காரன் வர்றதுக்குள்ள பொட்ட அழிச்சிரு பாப்பா” என்று அப்பா கைக்குட்டையை நீட்டினார்.

“அழிக்காத” என்றார் டீச்சர்.

“நேத்துதான் குண்டு வெடிச்சிருக்கு. இந்த நேரத்துல சிங்கள ஸ்கூலுக்குப் போயே ஆகணுமா டீச்சர்?”

“போன மாசம் அந்தப் புள்ளைக நம்ம தோட்டத்து ஸ்கூலுக்கு வந்தாங்களே. அவங்க அப்பா அம்மாவுக்கும் பயந்தான். ஆனா அனுப்பினாங்க.”

“சரி, போகட்டும். பொட்டு எதுக்கு?”

“தமிழ்ப் புள்ளைகளோட பழகத்தான் கூப்பிட்டிருக்காங்க. அழிச்சிட்டுப் போனா யாரோட பழகுவாங்க?”

மாணவி கைக்குட்டையை வாங்கிக் கழுத்து வியர்வையை மட்டும் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

சிப்பாய் அவளை உற்றுப் பார்த்து, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்து நின்றார்.

“இவள் என் மகள்” என்றார் சிங்களத்தில், வரிசை முழுவதும் கேட்கும்படி. “கலேவெலப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாட்டுப் பாடப் போகிறாள்.”

சிப்பாய் போகச் சொன்னான். பஸ்ஸில் ஏறியதும் அப்பா மகளைச் சன்னலோரம் உட்காரவைத்தார்.